குக்ரி வாங்கணுமா, வெட்டுகத்தி வாங்கணுமா?

டவுனிலே இருக்கிற நம்ம பிள்ளைகள் இப்போ சனி, ஞாயிறு ஆனா மலைக்குப் போறாங்க. கூடாரம் வாங்கியாச்சு, நெத்தியிலே கட்டுற லைட்டு வாங்கியாச்சு, அடுத்தது கத்தி. அதுவும் குக்ரிதான் வேணுமாம். எங்க அண்ணன் மகன் பெங்களூரிலே வேலை பாக்கான். "சித்தப்பா, ரெண்டாயிரத்துக்குள்ள நல்ல குக்ரி எதுன்னு பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு காட்டுக்குக் கொண்டுபோக, இன்னொண்ணு சுவத்திலே மாட்ட"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிச்சு இங்கே எழுதுறேன். இதே கேள்வி உங்களிலேயும் பலபேருக்கு இருக்கும்.

பூதப்பாண்டி பக்கத்திலே கொஞ்சம் வயல், கொஞ்சம் வாழை, பத்துமூடு தென்னைன்னு வச்சிருக்கவன் நான். நாப்பது வருஷமா என் கையிலே வெட்டுகத்தி இருக்கு. குக்ரியும் எங்க வீட்டிலே ஒண்ணு உண்டும். பட்டாளத்திலே இருந்த என் மைத்துனர் லீவுக்கு வந்தப்போ கொண்டுவந்து தந்தது. ரெண்டையும் பிடிச்சு வேலை செஞ்சு பாத்த பழக்கத்திலே சொல்றேன். கத்தி வாங்குறதுக்கு முன்னே "இது என்ன விலை"ன்னு கேக்கிறது ரெண்டாவது கேள்வி. "இது மழுங்கினா, வாய் உடைஞ்சா, யாருகிட்ட கொண்டுபோய் சரியாக்குவேன்"ங்கிறதுதான் முதல் கேள்வி. அதுக்குப் பதில் இல்லைன்னா எவ்வளவு மலிவா வாங்கினாலும் அது நஷ்டம்தான்.

முதல்லே குக்ரியைப் பத்திச் சொல்லிடுறேன். நேபாளத்து மலைக்காரங்க கத்தி அது. 1814-லே தொடங்கி 1816 வரைக்கும் வெள்ளைக்காரனுக்கும் நேபாளத்துக்கும் சண்டை நடந்தது. அந்தச் சண்டை முடியுறதுக்கு முன்னாலேயே, 1815-லே, கூர்க்காக்களைத் தன் பட்டாளத்திலே சேர்க்க ஆரம்பிச்சுட்டான் வெள்ளைக்காரன். குக்ரி உலகத்துக்குத் தெரிஞ்சது அவங்களாலேதான். இன்னைக்கும் நம்ம ராணுவத்திலே கூர்க்கா ரெஜிமெண்ட் ஏழு இருக்கு. "உறையிலிருந்து உருவினா ரத்தம் பாக்காம திரும்ப வைக்கக்கூடாது"ன்னு ஒரு கதை சொல்லுவாங்க. அதை நம்பாதீங்க. அங்கே வீட்டுப் பொம்பளைங்க காய் நறுக்குறதும் அதிலேதான், விறகு பிளக்கிறதும் அதிலேதான். நமக்கு வெட்டுகத்தி எப்படியோ, அவங்களுக்கு அது அப்படி.

அது ஏன் வளைஞ்சிருக்கு? பிடியிலேருந்து கொஞ்ச தூரம் நேரா வந்து, அப்புறம் முன்னாலே சாயும். சாயுற இடத்துக்குப் பிறகு அலகு அகலமா, கனமா இருக்கும். அதனாலே ஓங்கும்போது கனம் முன்னாலே போய், வெட்டு தானா ஆழமா இறங்கும். மணிக்கட்டுக்குச் சிரமம் குறையும். அலகு பிடியோட சேருற இடத்திலே சின்னதா ஒரு வெட்டு இருக்கும். பசுக் குளம்புன்னு சிலபேர் சொல்லுவாங்க, சிவன் சூலம்னு சிலபேர் சொல்லுவாங்க. உறையிலே கூடவே ரெண்டு குட்டிக் கத்தி இருக்கும். ஒண்ணு சின்னச் சின்ன வேலைக்கு. இன்னொண்ணு கூர் இல்லாதது. தீட்டுறதுக்கும், கல்லிலே தட்டி நெருப்பு உண்டாக்குறதுக்கும் அது.

இப்போ நம்ம வெட்டுகத்தியை எடுத்துப் பாருங்க. இதிலேயும் கனம் முன்னாலேதான். மூக்கு மட்டும் உள்பக்கமா வளைஞ்சிருக்கும். அந்த மூக்குதான் நம்ம ஊருக்கு வேண்டியது. முள்ளை இழுத்துப் போடணும், மட்டையைக் கொத்தி இழுக்கணும், வாழைச் சருகை நின்ன நிலையிலே அறுத்து எடுக்கணும். குக்ரியிலே அந்த இழுப்பு கிடையாது. குக்ரி வெட்டும், நம்ம கத்தி வெட்டும், இழுக்கவும் செய்யும்.

இந்தக் கத்திக்குச் சொந்தக்காரங்க நிறைய. மலையாளத்திலேயும் இதுக்கு வெட்டுகத்தின்னுதான் பேரு. 1956 நவம்பர் 1-ந்தேதி வரைக்கும் நாம திருவிதாங்கூரோட சேர்ந்துதானே கிடந்தோம், பேர் ஒண்ணா இருக்கிறதிலே ஆச்சரியம் இல்லை. குடகிலே ஒடிகத்தின்னு அகலமா, வளைவா ஒண்ணு வச்சிருக்காங்க. இலங்கைத் தமிழர் மன்னாக்கத்திம்பாங்க. மலேசியா தோட்டங்களுக்குப் போன நம்ம ஆட்கள் பராங்னு ஒண்ணைப் பிடிக்கப் பழகினாங்க. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் உங்களுக்கு சினிமாவிலேயே தெரியும். ஒவ்வொரு ஊரிலேயும் என்ன மரம், என்ன முள், என்ன வேலைங்கிறதை வச்சுத்தான் கத்தியோட உருவம் அமைஞ்சிருக்கு. நீங்க சேகரிக்கணும்னு ஆசைப்பட்டா இதைத்தான் சேகரிக்கணும். ஒரே கம்பெனியோட பத்து மாடலை வாங்கி வரிசையா மாட்டுறதிலே பாக்க என்ன இருக்கு?

சரி, எப்படிப் பாத்து வாங்குறது? குக்ரி ஆனாலும் வெட்டுகத்தி ஆனாலும் கணக்கு ஒண்ணுதான்.

முதல்லே வேலை. கூடாரம் அடிக்க நாலு முளை சீவணும், விழுந்து கிடக்கிற காஞ்ச கம்பை ஒடிச்சு அடுப்பு மூட்டணும்னா, எட்டு ஒன்பது அங்குல அலகு தாராளம். பெருசு வேணும்னு ஆசைப்பட்டுப் பதினாலு அங்குலம் வாங்கினா, அரைமணி நேரத்திலே தோள்பட்டை வலிக்கும். கை தளர்ந்தா அடுத்த வெட்டு கம்பிலே விழாது, காலிலே விழும். கத்தியைப் பிடிச்சு, கையை நேரா நீட்டி, அம்பது எண்ணுங்க. மணிக்கட்டு நடுங்கினா அது உங்க கத்தி இல்லை.

ரெண்டாவது, பிடிக்குள்ளே போற இரும்பு வால். அதுதான் உயிர். மலிவுக் கத்தியிலே அலகைத் தனியா செஞ்சு, ஒரு கம்பியைப் பத்தவச்சு, அதைப் பிடிக்குள்ளே செருகி, மேலே பளபளன்னு பித்தளை மாட்டிடுவான். வெளியே தெரியாது. எங்க தெருவிலே ஒரு பையன் போனிலே பாத்து அப்படி ஒண்ணு வரவழைச்சான். எந்தக் கம்பெனிங்கிறது இங்கே வேண்டாம். பாக்க அருமையா இருந்தது, கத்தியிலே புலி படம்கூட இருந்தது. மூணாம் நாள் தென்னமட்டையைக் கொத்தும்போது பத்தவச்ச இடம் விட்டுப்போய், அலகு தனியாப் பறந்து திண்ணையிலே வந்து விழுந்தது. ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாலே அந்தத் திண்ணையிலே அவன் தங்கச்சி உக்காந்து பூக் கட்டிக்கிட்டிருந்தா. அதனாலே வால் ஒரே இரும்பா, அலகோட சேர்த்து அடிச்சதா, பிடி கடைசி வரைக்கும் போகுதான்னு பாருங்க. பாக்க முடியலைன்னா கேளுங்க. சொல்லத் தெரியாதவன்கிட்ட வாங்காதீங்க.

மூணாவது, இரும்பு. கறுத்துப்போகாத ஸ்டெயின்லெஸ் கத்தி சுவத்துக்கு லாயக்கு. அதிலேயும் நல்ல ஜாதி உண்டும், ஆனா அது மலிவா வராது. மலிவா, நல்லா வெட்டுற கத்திக்கு லாரிப் பட்டை போதும். லாரிக்கு அடியிலே அடுக்கடுக்கா இருக்குமே, லீஃப் ஸ்பிரிங், அதுதான். நேபாளத்துக் கொல்லர்களும் பழைய வண்டிப் பட்டையிலேதான் குக்ரி அடிக்கிறாங்க. நம்ம ஆசாரியும் அதிலேதான் அடிக்காரு. நூறு பங்கிலே அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேலே கரி சேர்ந்த உருக்கு அது. வில் மாதிரி வளைஞ்சு நிமிர்றதுக்காகச் செஞ்சது. அதனாலே சட்டுன்னு உடையாது. கறுக்கும், துரு பிடிக்கும். தேங்காயெண்ணெய் தடவி வச்சா ஒண்ணும் ஆகாது.

நாலாவது, தோய்ச்சல். இதைக் கடையிலே பாத்துக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். உலைக்குப் பக்கத்திலே உக்காந்து பாத்தாத்தான் புரியும். எங்க ஊர் ஆசாரி பட்டறையிலே பகலிலேயும் இருட்டாத்தான் இருக்கும். முதல்லே பாக்கிறவங்க ஜன்னல் வைக்கக் காசில்லைன்னு நினைப்பாங்க. இரும்பு சூடாகும்போது அதோட நிறம் தெரியணும்னா இருட்டு வேணும். சிரட்டைக்கரியிலே காச்சி, சிவந்து, காந்தம் ஒட்டாத பக்குவம் வந்ததும், வாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணியிலே முக்குவாரு. முதுகு முங்காது. அதனாலே வாய் கடினமாகும், முதுகு மெதுவா இருக்கும். அப்புறம் உள்ளே மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்க்கு ஏறி வரும். தேய்ச்சு வெளுக்க வச்ச இடத்திலே வைக்கோல் நிறம் ஓடி, பழுப்பு வர்றப்போ திரும்ப முக்கிடுவாரு. அந்த நேரம் யார் பேசினாலும் பதில் கிடைக்காது. நிறம் தப்பினா வாய் கண்ணாடி மாதிரி சில்லு சில்லா உடையும், இல்லை ஈயம் மாதிரி மடங்கும். நேபாளத்திலே கெண்டியிலேருந்து தண்ணியை வாய் ஓரமா ஊத்தி இதையே செய்றாங்க. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே ஒரே புத்தி.

கையிலே கிடைச்ச கத்தி தோய்ச்சல் உள்ளதான்னு பாக்க ஒரு வழி இருக்கு. பழைய அரத்தை எடுத்து வாயிலே லேசா ஒரு இழுப்பு இழுங்க. மண்ணிலே இழுத்த மாதிரி சரசரன்னு கடிச்சா தோய்ச்சல் இல்லை. வழுக்கிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கடிச்சா கொள்ளாம். முதுகிலே இழுத்தா நல்லா கடிக்கணும். காஞ்ச கம்பிலே பத்து வெட்டு வெட்டிட்டு வாயை வெளிச்சத்திலே பாருங்க. மடங்கின இடம் மினுமினுன்னு தெரியும்.

அஞ்சாவது, பிடி. வார்னிஷ் அடிச்ச பிடி வேர்வையிலே வழுக்கும். எங்களுக்குப் புளி, பூவரசு மாதிரி கெட்டி மரம்தான். கடைசியிலே ஒரு தடிப்பு இருந்தா கத்தி கையை விட்டுப் போகாது. குக்ரி வாங்குறவங்களுக்கு இன்னொரு விஷயம். உறையிலேருந்து உருவும்போது இடதுகை விரல்களை உறையோட வாய்ப்பக்கம் சுத்திப் பிடிக்காதீங்க. உறை மரம் விரிஞ்சிருந்தா அலகு அதைக் கிழிச்சுக்கிட்டு விரலுக்கு வரும். முதுகுப் பக்கமா பிடிச்சு உருவணும். என் மைத்துனர் குக்ரியைக் கையிலே தரும்போது முதல்லே சொல்லித் தந்தது இதுதான்.

இனி விலை. போன வருஷம் ஆசாரிகிட்ட புதுசா ஒண்ணு அடிச்சேன், பட்டை அவரோடது, 700 ரூபாய். வருஷத்துக்கு ஒரு தடவை காச்சி அடிச்சு, தோய்ச்சல் போட்டு, சாணை பிடிச்சுத் தர 150. என் பழைய கத்தி எங்க அப்பா காலத்தது. அலகு தேஞ்சு பாதியானப்போ ஆசாரி புது உருக்கு வச்சுச் சேர்த்து அடிச்சுத் தந்தாரு. பிடி மூணு தடவை மாறியாச்சு. அது இன்னைக்கும் வெட்டுது. ரெண்டாயிரத்துக்கு வர்ற குக்ரி மோசம்னு சொல்ல மாட்டேன். நேபாளத்திலே போஜ்பூர் பக்கத்திலேயும், நம்ம டேராடூனிலேயும் கையாலே அடிக்கிற ஆட்கள் இருக்காங்க, அவங்க வேலை உசத்திதான். ஆனா அதோட வாய் உடைஞ்சா டேராடூனுக்கா போவீங்க? நம்ம பக்கத்து ஆசாரிகிட்டத்தான் வருவீங்க. அன்னைக்கு அவர் இருக்கணுமே.

அவர் இருக்கிறது எதுக்குன்னு 2017-லே எங்க மாவட்டமே பாத்தது. நவம்பர் கடைசியிலே ஒக்கி புயல். கடல்லே போன எத்தனையோ பேர் திரும்பலை, அந்தத் துக்கம் தனி. கரையிலே ரப்பர், தென்னை, வாழை, ரோட்டோர மரம் எல்லாம் சாஞ்சு கிடந்தது. போஸ்ட் எல்லாம் விழுந்து எங்க தெருவுக்கு கரண்ட் வர ரெண்டு வாரத்துக்கு மேலே ஆச்சு. மரம் அறுக்கிற மெஷினுக்கு பெட்ரோல் கிடைக்கலை, இருந்த மெஷினும் ரோட்டு வேலைக்குப் போயிடுச்சு. வீட்டுக்கு ஒரு வெட்டுகத்திதான் வழி திறந்தது. ரெண்டு நாள் வெட்டினா எந்தக் கத்தியும் மழுங்கும். ஆசாரி பட்டறை முன்னாலே வரிசை நின்னது. கரண்ட் இல்லாததாலே காத்தடிக்கிற புளோயர் ஓடலை. அவர் பரணிலே கிடந்த அப்பா காலத்துத் தோல் துருத்தியை இறக்கி, கிழிசலைத் தச்சு, உலை மூட்டினாரு. ஊர்ப் பையன்கள் மாறி மாறித் துருத்தி இழுத்தாங்க. ராத்திரி பத்து மணிக்கும் அடி சத்தம் கேட்டது. காசு குடுத்தவங்களும் உண்டு, அப்புறம் தாறேன்னு சொன்னவங்களும் உண்டு. அவர் யார்கிட்டேயும் கேக்கலை.

இப்போ அந்த உலை வாரத்திலே ரெண்டு நாள்தான் எரியுது. முன்னே கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுக்கிறதுக்கு முன்னாலே பன்னருவாளுக்குப் பல்லு வெட்ட ஆள் முட்டும். அறுப்புக் களத்திலேயே அவர் பங்கு நெல்லை அளந்து குடுத்துடுவாங்க. இப்போ அறுப்பு மெஷின் வந்துட்டுது, களமும் இல்லை, அளக்கிறதும் இல்லை. பல வயல் பிளாட் ஆயிட்டுது. புல்லு வெட்ட மெஷின், மரம் வெட்ட மெஷின். நானும் புல்லுக்கு மெஷின்தான் வைக்கிறேன், முதுகு கேக்காதே. மெஷினைக் குத்தம் சொல்லி எழுத வரலை. ஆசாரிக்கு எழுபது தாண்டிட்டுது. சம்மட்டி அடிக்க இன்னொரு கை வேணும். மகன் வளைகுடாவிலே வெல்டிங் வேலை பாக்கான், நல்ல சம்பளம். "நீ இங்கே வந்து என்னத்தை அடிக்கப்போற"ன்னு இவரே சொல்லுவாரு. "இந்தக் கும்பப்பூ கழிஞ்சா உலையைப் பொத்திரலாம்னு இருக்கேன் மக்கா"ன்னு போன மாசம் எங்கிட்ட சொன்னாரு. எனக்குப் பதில் வரலை.

சட்டத்தையும் சொல்லிடணும், பிறகு என்னைத் திட்டக்கூடாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், அதோட விதிகள் ரெண்டையும் சேர்த்துப் பாத்தா, அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேலே நீளமோ ரெண்டு அங்குலத்துக்கு மேலே அகலமோ இருக்கிற கத்தி ஆயுதக் கணக்கிலே வரும். விதியிலே குக்ரி பேர் சொல்லியே இருக்கு. அரசு அறிவிச்ச இடங்களிலே அதுக்கு லைசென்ஸ் வேணும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும்னு செஞ்சது அந்தக் கணக்கிலே சேராது. அதனாலே பெரிய குக்ரி வாங்கி மாட்டணும்னா உங்க ஊர் நிலவரத்தை விசாரிச்சுக்கிடுங்க. வெட்டுகத்தி ஆனாலும் தோட்டத்திலே கையிலே இருந்தா கருவி, பஸ் ஸ்டாண்டிலே இடுப்பிலே இருந்தா போலீஸ் வேற மாதிரித்தான் பாப்பாங்க. சாக்கிலே சுத்திக் கட்டி, பையிலே வச்சுக் கொண்டுபோங்க. ஆசாரி பேர், போன் நம்பர் கேட்டு எழுதினா கோவப்படாதீங்க. 2021-லே போலீஸ் பட்டறைக்காரங்களிடம் வாங்குறவங்க விவரத்தை எழுதி வைக்கச் சொன்னாங்க.

காட்டுக்குப் போறவங்களுக்கு இன்னும் முக்கியம். வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளே எழுத்திலே அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழையக்கூடாதுன்னு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் சொல்லுது. ஆயுதம்ங்கிற வார்த்தைக்குள்ளே கத்தியையும் சேர்த்திருக்கு. நம்ம கன்னியாகுமரி சரணாலயமும், களக்காடு முண்டந்துறையும் அதிலே அடங்கும். அங்கே போனா கத்தியை வீட்டிலே வச்சுட்டுப் போங்க. கத்தியோட பழகணும்னா யாராவது சொந்தக்காரங்க தோப்பிலே கூடாரம் அடிங்க. தென்னமட்டை வெட்டித் தந்தா சாப்பாடும் கிடைக்கும்.

சேகரிக்கிறவங்களுக்கு ஒரு யோசனை. வெட்டுகத்தி ஒண்ணு, பன்னருவாள் ஒண்ணு, பனையேறிகளோட பாளை அருவாள் ஒண்ணு, ரப்பர் பால்வெட்டுற கத்தி ஒண்ணு, வெத்திலை நறுக்கப் பிச்சாத்தி ஒண்ணு. இந்த அஞ்சும் இருந்தா எங்க மாவட்டத்து மலை, வயல், தேரி எல்லாம் உங்க சுவத்திலே இருக்கு. ஒவ்வொண்ணிலேயும் எந்த ஊர் ஆசாரி, எந்த வருஷம், என்ன இரும்புன்னு ஒரு சீட்டு கட்டி வைங்க. மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய்த் துணியாலே துடைங்க. தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீங்க, ஈரம் இழுத்துத் துரு ஏறும். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எடுத்து எதையாவது வெட்டுங்க.

கடையிலே தொங்குறதை வாங்காம, சொல்லி அடிக்கச் சொல்லுங்க. உங்க உள்ளங்கை அகலத்தைக் காட்டுங்க, இடதுகைக்காரர்னா அதையும் சொல்லுங்க. ஒருபக்கம் மட்டும் சரிவு வச்ச வாய் கை மாறினா வெட்டாது. அடிச்சு முடியுற வரைக்கும் கூடவே உக்காருங்க, விலையைக் குறைச்சுக் கேக்காதீங்க. ஆசாரிகள் இன்னும் அங்கங்கே இருக்காங்க. திங்கள்சந்தை, தக்கலை, வடசேரிப் பக்கம் விசாரிச்சா சொல்லுவாங்க. உங்க சொந்த ஊரிலேயும் ஒருத்தர் இருப்பாரு, அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க.

எங்க ஊர் ஆசாரிக்கு ஒரு குக்ரியைக் காட்டி "இதுபோல அடிக்கலாமா"ன்னு கேட்டா அடிச்சுத் தருவாரு. என் மைத்துனர் தந்ததை அவர்கிட்ட காட்டியிருக்கேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு, முதுகிலே விரலை ஓட்டினாரு, அரத்தாலே ஒரு இழுப்பு இழுத்தாரு. "அடிச்சவன் கைக்காரன்"ன்னாரு. செவ்வாயும் வெள்ளியும் காலையிலே ஏழு மணிக்கு உலை மூட்டுவாரு. பட்டை மூணு துண்டு வெட்டி வச்சிருக்காரு. கும்பப்பூ அறுப்புக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.